பந்தைத் தொட்டுக் கும்பிட்ட பிள்ளைகள்

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வேக்காரர்களின் வீடுகள் வரிசை வரிசையாக இருந்த காலத்தில், எங்கள் வரிசைப் பிள்ளைகளுக்குக் கால்பந்து கற்றுக் கொடுத்தது நான்தான். இதைச் சொன்னால் இப்போது சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அந்தப் பிள்ளைகளில் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறவர்கள் நாலைந்து பேர் உண்டு. நம்பாதவர்கள் அவர்களைக் கேட்டுக்கொள்ளலாம்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது இருக்கும். ஜப்பான்காரன் வர இன்னும் ஐந்தாறு வருஷம் இருந்தது. என் வீட்டுக்காரருக்கு ரயில் கொட்டகையில் எஞ்சின் பாய்லர் கழுவுகிற வேலை. காலையில் சங்கு ஊதினால் போவார், சாயங்காலம் சங்கு ஊதி அரை மணி நேரம் கழித்துக் கரி அப்பிய முகத்தோடு வருவார். எங்களுக்கு ஒரே மகன், ஆறு வயது. எங்கள் வரிசையில் அவன் வயசுப் பிள்ளைகள், ஒன்றிரண்டு வயது முன்னே பின்னே, அவனையும் சேர்த்து ஒன்பது பேர். அதில் இரண்டு பெண் பிள்ளைகள்.

பள்ளிக்கூடம் மத்தியானத்தோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு அந்த ஒன்பதுக்கும் விளையாடுகிற இடம் எங்கள் வீடுகளுக்குப் பின்னால் சாக்கடையைத் தாண்டி இருந்த தண்டவாளங்கள்தான். தண்டவாளத்தின் மேல் கையை விரித்துக்கொண்டு நடப்பார்கள். நிற்கிற சரக்குப் பெட்டிகளுக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் வருவார்கள். நாங்கள் அதட்டுவோம். அதட்டினால் ஒரு நாள் கேட்பார்கள்.

ஒரு நாள் நான் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். எஞ்சின் வந்து காலிப் பெட்டிகளை இடித்துத் தள்ளுகிற சத்தம் கேட்டது. தினமும் கேட்கிற சத்தம், நான் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். கொடியில் போட்ட சேலை காற்றில் விலகியது. விலகின இடத்தில், இரண்டு பெட்டிகளுக்கு நடுவில், என் மகனுடைய சிவப்புக் கால்சட்டை தெரிந்தது.

சாக்கடையை எப்படித் தாண்டினேன் என்று எனக்குத் தெரியாது. அவன் முடியைப் பிடித்து வெளியே இழுத்தேன். இழுத்த பிறகு பெட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. அவனை அடித்தேன், பிறகு கட்டிக்கொண்டேன், மறுபடியும் அடித்தேன். அன்றைக்குச் சோறு பொங்கி முடிகிற வரைக்கும் ஒரே யோசனை. அடியின் சூடு இரண்டு நாளில் போய்விடும். தண்டவாளத்தைவிட நல்லதாக ஏதாவது ஒன்று கையில் கொடுத்தால்தான் இதுகள் அந்தப் பக்கம் போகாமல் இருக்கும்.

எனக்குப் பந்து ஞாபகம் வந்தது. நான் பிறந்து வளர்ந்தது கிள்ளானுக்கு வடக்கே, மேரு பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். எனக்கு மூன்று அண்ணன்மார். மரம் வெட்டின கோட்டில் பால் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அதை உரித்தால் நாடா மாதிரி நீளமாக வரும். ஒட்டுப்பால் என்போம். அதைச் சுற்றிச் சுற்றி உருட்டினால் பந்து. கறுப்பாக, நாற்றமாக இருக்கும். தரையில் போட்டால் எந்தப் பக்கம் குதிக்கும் என்று அதற்கே தெரியாது. கங்காணி கண்டால் காதைத் திருகுவார், ஒட்டுப்பால் தோட்டத்துச் சொத்து அல்லவா? அந்தப் பந்தைக் காலால் நிறுத்தப் பழகினவளுக்கு உலகத்தில் வேறு எந்தப் பந்தையும் நிறுத்த முடியும். என் நடு அண்ணனே என்னைத் தாண்டிப் போக முடியாது. அதுவும் உண்மை.

ரயில்வே ஆட்களின் விளையாட்டுக் காரியங்களை எல்லாம் பார்த்தவர் ரயில்வே ஆபீசில் கணக்கு எழுதுகிற ஒரு யாழ்ப்பாணத்துக் கிராணி. வெள்ளை டிரில் சட்டை, தொப்பி, கழுத்தில் கயிறு கட்டிய விசில். பெரியவர்கள் ஆடித் தேய்ந்த பந்துகளும் அவருடைய அலமாரியில்தான் இருக்கும். நான் அவரிடம் போய்ப் பந்து கேட்கப் போகிறேன் என்றதும் என் வீட்டுக்காரர் சாப்பிட்ட கையோடு என்னைப் பார்த்தார்.

"நான் மூணு வருசமா டீம்ல பேக் ஆடறேன். எனக்கே அந்த ஆளு ஒரு பழைய பந்து குடுத்தது இல்ல."

"நீங்க கேட்டீங்களா?" என்றேன்.

கேட்டதில்லை. மறுநாள் நான் போய்க் கேட்டேன். என் மகனைப் பெட்டிகளுக்கு நடுவிலிருந்து இழுத்ததைச் சொன்னேன். கிராணி முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் எழுந்து அலமாரியைத் திறந்தார். ஒரு பக்கம் ஒட்டுப் போட்ட தோல் பந்து. ஒரு மாதம் வைத்திருக்கும்படி சொன்னார். மாதக் கடைசியில் கிராணிமார் வீட்டுப் பிள்ளைகளோடு ஒரு ஆட்டம் ஆட வேண்டும், பிள்ளைகள் உண்மையிலேயே பழகுகிறார்களா என்று பார்ப்பார். அவர்களுக்கும் பந்து வேண்டுமாம், கேட்டுக்கொண்டே இருக்கிறார்களாம்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதல் வம்பு பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்து வந்தது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நல்ல மனசு, ஆனால் எதற்கும் ஒரு பாவம் புண்ணியம் கண்டுபிடித்துவிடுவார். பந்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"தங்கச்சி, இது மாட்டுத்தோலு."

"ஆமாக்கா."

"மாட்டப் போய் காலால ஒதைக்கச் சொல்றியா சின்னப் புள்ளைங்கள?"

நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவர் விடவில்லை. வாசலில் பிள்ளைகளை உட்காரவைத்து, புத்தகத்தில் கால் பட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம் என்றார்கள். அரிசியில் பட்டால்? அதுவும் அப்படியே. பெரியவர்கள் மேல் பட்டால்? அதுவும். அப்படியானால் இந்தத் தோலில் கால் பட்டாலும் அதே மாதிரி செய்ய வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். நானும் அதில் தப்பு ஒன்றும் பார்க்கவில்லை. நல்ல பழக்கம்தானே என்று இருந்துவிட்டேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

எங்கள் வரிசைக்கு முன்னால் ஒரு துண்டுத் திடல் இருந்தது. தினமும் மூன்று மணிக்கு வெயில் கொஞ்சம் சாய்ந்ததும் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிவிடுவேன். முதல் நாள் ஒன்பது பேரும் பந்து போகிற இடமெல்லாம் ஒரே கும்பலாக ஓடினார்கள். பார்ப்பதற்குப் பாசாரில் மீன் மலிவாக விற்கிற இடம் மாதிரி இருந்தது. மறுநாள் சுண்ணாம்புத் தூளால் ஆளுக்கு ஒரு கட்டம் போட்டேன். இது உன் வீடு, பந்து உன் வீட்டுக்கு வந்தால் நீ எடு, அடுத்த வீட்டுக்குக் கூப்பிடாமல் போகாதே என்றேன். அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா! பந்து பக்கத்துக் கட்டத்துக்குப் போனால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "உள்ள வரலாமா?" என்று கேட்பான் ஒருத்தன். "வீட்டுல யாரும் இல்ல, அப்புறம் வா" என்பான் மற்றவன். பந்து இரண்டு பேரையும் தாண்டிச் சாக்கடையில் விழும்.

கால் விரல் நுனியால் குத்துவது எல்லாப் பிள்ளைகளுக்கும் முதலில் வருகிற பழக்கம். குத்தினால் விரலும் வலிக்கும், பந்தும் நினைத்த இடத்துக்குப் போகாது. எத்தனை சொன்னாலும் விளங்கவில்லை. அடுப்புக் கரியைத் தண்ணீரில் குழைத்து ஒவ்வொரு பிள்ளையின் பாதத்திலும் உள்பக்கம், பெருவிரலுக்கும் குதிகாலுக்கும் நடுவில், வட்டமாக ஒரு பொட்டு வைத்தேன். உதைத்ததும் பந்தை எடுத்துப் பார்ப்பேன். கரி ஒட்டியிருந்தால் சரியான அடி. ஒட்டவில்லை என்றால் விரல். இரண்டே நாளில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பந்தை நிறுத்துவதற்குக் கைக்குழந்தையை வாங்குவது போலச் சொல்லிக் கொடுத்தேன். வாங்கும்போது கையை முன்னால் நீட்டி, குழந்தை வந்ததும் மெதுவாக நம் பக்கம் இழுப்போம் அல்லவா? காலும் அப்படித்தான் பின்னால் வர வேண்டும். விறைப்பாக வைத்தால் பந்து எகிறிவிடும். எங்கள் வீடு தவிர மற்ற எல்லா வீட்டிலும் ஒரு கைக்குழந்தையாவது இருந்தது, அதனால் இது சுலபமாகப் புரிந்தது.

என் வீட்டுக்காரர் ஒரு நாள் என் கரிப் பொட்டைப் பற்றிக் கேள்விப்பட்டார். தன் பாதத்தை நீட்டினார். அவரும் விரலால்தான் குத்துகிற ஆள். வைத்துவிட்டேன்.

ஒவ்வொரு பிள்ளையும் உதைத்ததும், அல்லது நிறுத்தினதும், சட்டென்று குனிந்து பந்தை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும். சில பேர் இரண்டு கண்ணிலும். எனக்கு அது தப்பாகத் தோன்றவே இல்லை. தோட்டத்தில் நாங்கள் ஆடினபோது கையால் ஆடக்கூடாது என்ற சட்டமே கிடையாது. இங்கே கூடாது என்று என் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். நானும் பிள்ளைகளிடம், பந்தைக் கையால் பிடிக்காதே, எறியாதே என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். யாரும் பிடிக்கவும் இல்லை, எறியவும் இல்லை. தொட்டுக் கும்பிடுவதும் கையால் ஆடுவதும் ஒன்றாகும் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கிராணிமார் பிள்ளைகள் ஒன்பது பேர் வந்தார்கள். எல்லோர் காலிலும் வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்து. அவர்களுக்குத் தலைவன் நம் கிராணியின் மகனே. எட்டு வயது, படிய வாரின தலை, உயரமானவன். எங்கள் பிள்ளைகள் வெறுங்கால், கரிப் பொட்டோடு.

என் மகன் பந்தை அழகாக நிறுத்தினான். நான் நிமிர்ந்து நின்றேன். அவன் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கிராணி விசில் ஊதினார்.

விசில் கேட்டதும் எங்கள் பிள்ளைகள் ஒன்பது பேரும் ஓடிப்போய்த் திடலுக்கு வெளியே வரிசையாக நின்றுவிட்டார்கள். ரயில்வேப் பிள்ளைகள். விசில் ஊதினால் வண்டி வருகிறது, ஒதுங்க வேண்டும் என்றுதான் நாங்கள் சொல்லி வளர்த்திருக்கிறோம். கிராணி அவர்களைத் திரும்பக் கூப்பிட்டு, பந்தை அந்தப் பக்கம் கொடுத்தார். அடுத்து இன்னொருத்தன் உதைத்தான், குனிந்தான், தொட்டான், விசில். அடுத்து பக்கத்து வீட்டு அக்காவின் மகள், முன்பல் இரண்டும் விழுந்த ஆறு வயசுக்காரி, பந்தை உதைப்பதற்கு முன்னாலேயே கும்பிட்டுவிட்டாள். விசில். கோல் வாசலுக்குப் பக்கத்தில் தொட்டவர்களுக்குப் பெனால்டி. எத்தனை கோல் வாங்கினோம் என்று எண்ணிக்கொண்டிருந்தவர்கள் பாதியிலேயே எண்ணுவதை நிறுத்திவிட்டார்கள். கிராணியின் மகன் புல்லில் உட்கார்ந்து சிரித்தான். பந்துக்குக் கற்பூரம் காட்டவில்லையா என்று கேட்டான்.

என் காது எரிந்தது. ஆட்டம் முடிந்ததும் கிராணி என்னிடம் வந்தார். அவர் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் மோசம்.

"பிள்ளை, இது விளையாட்டோ, கோயில் பூசையோ?"

நான் மாட்டுத்தோல் விஷயத்தைச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார்.

"கால் வேலை நல்லாத்தான் பழக்கியிருக்கிறீர். ஆனால் கை படக்கூடாது. நாலு கிழமையிலை விளையாட்டு விழா கிடக்கு. அண்டைக்குக் கை படாமல் ஆடி ஒரு கோல், ஒரேயொரு கோல் போடட்டும். பந்து உங்கடை. இல்லாட்டி அது மற்றப் பிள்ளையளுக்குத்தான். நான் என்ன செய்ய, அவையும் கேக்கினம்."

நாலு வாரத்தில் ஒரு கோல். நியாயமாகத்தான் கேட்டார். அன்று சாயங்காலம் இருட்டுவதற்கு முன்னால் என் மகனும் இன்னொரு பயலும் சாக்கடைப் பக்கம் நின்று தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பந்து போனால் இவர்கள் திரும்பவும் எங்கே போவார்கள் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் மூன்று மணிக்கு, இனிமேல் பந்தைத் தொடக்கூடாது என்று சொன்னேன். பிள்ளைகள் என்னைக் கெட்டவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். அக்காவின் மகள் அழுதுவிட்டாள். அம்மா வைவார்களாம். அக்காவே இறங்கி வந்தார். இன்றைக்குப் பந்தைத் தொட வேண்டாம் என்பாய், நாளைக்குப் பிள்ளை புத்தகத்தை மிதித்துவிட்டுச் சும்மா போகும், மறுநாள் பெற்றவர்களை மிதித்துவிட்டுப் போகும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தாமல், வரிசை முழுக்கக் கேட்கும்படி, "புருசன் பாய்லர் கழுவுறாரு, பொண்டாட்டி திடல்ல முந்தானையச் செருகிக்கிட்டு ஓடுறா. இதுல புள்ளைங்களுக்கு மரியாதை வேற கத்துக் குடுக்கப் போறா" என்று சொல்லிவிட்டுத் தன் மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அவர் சொன்னதில் பாதி எனக்கும் சரியாகத்தான் பட்டது. என் மகன் கால் பட்ட புத்தகத்தைத் தொட்டுக் கும்பிடாமல் போனால் நான் மட்டும் விடுவேனா? மூன்று நாள் ஆட்டமே நடக்கவில்லை. பந்து கோழிக்கூட்டுக்கு மேலே ஆணியில் தொங்கியது. தோல் சாமான் சாமிப்படம் இருக்கிற வீட்டுக்குள் வரக்கூடாது என்பதில் அக்காவுக்கும் எனக்கும் ஒரே கருத்து.

நாலாம் நாள் வழி அக்கா வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. அக்காவின் வீட்டுக்காரர் தண்டவாளம் போடுகிற கூட்டத்தில் வேலை, ஆனால் கோயில் திருவிழா என்றால் அவர்தான் உறுமி மேளம். அன்று சாயங்காலம் அவர் வாசலில் உட்கார்ந்து உறுமியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் எடுக்கப் போனபோது பார்த்தேன். உறுமியை மடியில் வைத்தார். தோலை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு குச்சியை எடுத்து அடித்தார் பாருங்கள், தெருநாய்கள் எல்லாம் எழுந்து ஓடின. அரை மணி நேரம் அடித்தார். நடுவில் ஒரு தடவைகூட நிறுத்தித் தொடவில்லை.

நான் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, அண்ணே அடிக்கிறது என்னா தோலு?"

"ஆட்டுத்தோலு. அதுக்கு என்னா?"

"ஆடோ மாடோ, தோலுதான? ஒவ்வொரு அடிக்குமா தொட்டுக் கும்புடறாரு?"

அக்கா தன் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் குச்சியை நிறுத்திவிட்டு, ஆரம்பிக்கும்போது கும்பிட்டுக்கொண்டால் முடிகிற வரைக்கும் அது போதும், அடிக்கு ஒரு தடவை கும்பிட்டால் வந்த சாமி மலை ஏறிவிடும் என்றார். அக்கா முந்தானையை உதறிக்கொண்டார். உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் அவர் மகள் வெளியே வந்து, நாளைக்கு ஆட்டம் உண்டா அத்தே என்று கேட்டாள்.

அப்படித்தான் எங்கள் வரிசையின் வழக்கம் ஏற்பட்டது. ஆட்டம் தொடங்கும் முன்னால் ஒன்பது பேரும் வரிசையாக வந்து பந்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். இன்றைக்கு முழுக்க உன்னை உதைக்கப் போகிறோம், பொறுத்துக்கொள் என்று சொல்வார்கள். பிறகு ஒருத்தர் காலை ஒருத்தர் தொட்டு, அதற்கும் முன்கூட்டியே மன்னிப்பு. ஏனென்றால் ஆடும்போது ஒருத்தன் காலை இன்னொருத்தன் மிதித்தால் அதற்கும் நின்று குனிந்துகொண்டிருந்தார்கள். எல்லாம் முதலிலேயே முடிந்துவிட்டால் அப்புறம் நிற்க வேண்டியதில்லை.

சொல்வது சுலபம். கைக்கு அது தெரிய வேண்டுமே! பழகின கை தானாகக் கீழே போனது. அதற்கு நான் கச்சான் வாங்கினேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு உள்ளங்கையிலும் ஐந்து ஐந்து நிலக்கடலை. கையை மூடிக்கொண்டு ஆட வேண்டும். பந்தைத் தொட விரலை விரித்தால் கடலை கீழே விழும், விழுந்தது கோழிக்கு. ஆட்டம் முடியும்போது கையில் மிஞ்சியது அவர்களுக்கு. முதல் நாள் எங்கள் வீட்டுக் கோழிகளுக்கு நல்ல விருந்து. ஒரு பயல் ஆட்டம் தொடங்கினதுமே பத்தையும் வாயில் போட்டுக்கொண்டு, இனி எதுவும் விழாது அத்தே என்றான். மூன்று வாரத்தில் கோழிகள் திடல் பக்கம் வருவதையே விட்டுவிட்டன.

விளையாட்டு விழா அன்று பெரிய திடலில் கொடிகள் கட்டியிருந்தார்கள். தூங்குமூஞ்சி மரத்தடியில் பெண்கள் உட்கார்ந்திருந்தோம். பெரியவர்களின் ஓட்டம், கயிறு இழுப்பு எல்லாம் முடிந்து சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் பிள்ளைகள் பந்தின் முன்னால் வரிசையாக நின்றார்கள். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. தொட்டுக் கும்பிட்டார்கள், ஒருத்தரை ஒருத்தர் தொட்டுக்கொண்டார்கள். நான் கோட்டுக்கு வெளியிலிருந்து அந்தப் பக்கத்துப் பிள்ளைகளையும் கூப்பிட்டேன், நீங்களும் வந்து தொட்டுக்கொள்ளுங்கள் என்று. கிராணியின் மகன் இடுப்பில் கை வைத்துக்கொண்டான்.

"எங்களுக்கு உந்தப் பூசை வேண்டாம்."

சரி, வேண்டாம் என்றால் வேண்டாம்.

அவர்கள் உண்மையிலேயே நன்றாக ஆடினார்கள். பாதி நேரத்துக்குள் மூன்று கோல். ஆனால் விசில் ஒரு தடவைகூட எங்கள் கைக்காக ஊதவில்லை. கடலை இல்லாமலேயே எங்கள் பிள்ளைகள் எல்லோரும் விரலை இறுக்கி மூடிக்கொண்டு ஓடினார்கள், சண்டைக்குப் போகிறவர்கள் மாதிரி. அதைப் பார்த்தே எனக்கு வயிறு நிறைந்தது. ஆனால் கோல் வேண்டும். ஒன்று. இரண்டாவது பாதியில் இன்னும் இரண்டு வாங்கினோம். என் வீட்டுக்காரர் என் பின்னால் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். அக்கா மரத்தில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு, எனக்கு என்ன என்கிற மாதிரி நின்றார். ஆனால் அவர் கண் தன் மகளை விட்டு நகரவில்லை.

கிராணி கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அப்போது என் மகன் பந்தை உள்பாதத்தால் தட்டினான். அது நேராக அக்காவின் மகளிடம் போனது. அவள் குழந்தையை வாங்குவது போல வாங்கினாள். கிராணியின் மகன் ஓடிவந்து தடுத்தான். தடுக்கிற வேகத்தில் சப்பாத்துக் காலோடு அவளுடைய வெறுங்காலை நறுக்கென்று மிதித்துவிட்டான்.

அவள் அழவில்லை. அவனுக்குத்தான் முகம் மாறியது. நின்றான். குனிந்தான். அவள் பாதத்தை விரலால் தொட்டுத் தன் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டான். நல்ல தாய் வளர்த்த பிள்ளை, வேறு என்ன செய்வான்? அவனுடைய கோல்கீப்பரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

எங்கள் பெண்ணுக்கு நிற்க வேண்டிய அவசியம் இல்லை. அவள் எல்லா மன்னிப்பையும் முன்னாலேயே கேட்டு முடித்துவிட்டாள். குனிந்திருந்தவனைச் சுற்றிக்கொண்டு போய், இரண்டு முஷ்டியையும் மூடியபடி, உள்பாதத்தால் ஒரு தட்டு. பந்து அவசரமே இல்லாமல் உருண்டது. இரண்டு மூங்கில் கம்புகளுக்கும் நடுவில் போய், கோட்டைத் தாண்டி, ஒரு முழம் தள்ளி நின்றது.

கிராணியின் வாயில் விசில் இருந்தது, ஊதவில்லை. மகன் அவரிடம் ஓடினான்.

"அப்பா, நான் அவளிட்டை மன்னிப்பெல்லோ கேட்டனான். அதுக்குள்ளை அவள் அடிச்சுப்போட்டாள்."

கிராணி மகனைப் பார்த்தார், பந்தைப் பார்த்தார், கடைசியில் மரத்தடியில் எங்களைப் பார்த்தார்.

"மன்னிப்புக் கேட்டது நல்ல பழக்கம். நான் விசில் ஊதேல்லை. கோல் கோல்தான்."

ஐந்துக்கு ஒன்று என்று தோற்றோம். எங்கள் பிள்ளைகள் ஜெயித்தவர்களைப் போல அக்காவின் மகளைத் தூக்கிக்கொண்டு திடலைச் சுற்றினார்கள். தூக்கினவர்கள் சின்னவர்கள், இரண்டு தடவை கீழே போட்டார்கள். அக்காவின் வீட்டுக்காரர் எங்கேயிருந்தோ உறுமியை எடுத்து வந்துவிட்டார். அடிக்கும் முன் மறக்காமல் தொட்டுக் கும்பிட்டார், நான் பார்த்தேன். அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்தக் கரிய நாளைக்கு கொஞ்சம் கெட்டியா கொழச்சி வையி தங்கச்சி. பொட்டு கோணையா இருக்கு" என்றார்.

கிராணி தன் பெரிய புத்தகத்தில் பந்தை எங்கள் வரிசைக்கு எழுதிக் கொடுத்தார். என் மகன் அந்த வருஷம் தண்டவாளத்தின் பக்கம் போகவில்லை. அடுத்த வருஷமும் போகவில்லை.

விழாவுக்கு மறுநாள் மூன்று மணிக்கு நாங்கள் திடலில் இறங்கியபோது கிராணியின் மகன் வந்து நின்றான். சப்பாத்தைக் கழற்றி, நாடாவை முடிந்து தோளில் போட்டிருந்தான். கூட இன்னும் மூன்று பேர். எங்கள் பிள்ளைகள் கும்பிடுவதற்காக வரிசையில் நின்றிருந்தார்கள். அவன் வரிசையின் கடைசியில் போய் நின்றான். அவன் முறை வந்ததும் குனியாமல் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"கையாலை தொடலாமோ, மாமி?"

"இப்பத் தொடலாம்யா" என்றேன். "காலக் காட்டு, பொட்டு வைக்கணும்."